இணையதளம் வீடு மாறும்போது: தமிழ்த் தளங்களின் 30 ஆண்டு அனுபவம்

நம் சங்கத்தின் இணையதளத்தை இப்போது இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, புதிய மென்பொருளில் அமைப்பது பற்றிய தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. "பழசை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். "வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இணையதளம் எதற்கு?" என்றும் சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்வதற்கு முன் அந்தத் தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடுவோம். பிபிஏ ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல், கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று காட்டும் படம், போர்வெல் போட்டபோது எடுத்த குறிப்பு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தங்கள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள், ஆண்டுக் கணக்குகள், பொதுக்குழுத் தீர்மானங்கள். நாளைக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் எங்கே தோண்டுவது என்பதும், கார்பஸ் நிதியை எதற்குச் செலவிடலாம் என்று முன்பு முடிவு செய்தோம் என்பதும் அங்கேதான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் தேடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இணையதளத்தை இடம் மாற்றுவது புதுப் பிரச்சினை இல்லை. தமிழில் இணையதளம் தொடங்கிய நாளிலிருந்தே இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. எது பிழைத்தது, எது தொலைந்தது, ஏன் என்ற வரலாறு தெரிந்தால் நம் தீர்மானமும் தெளிவாக அமையும்.

செம்பு, ஓலை, காகிதம்

முதலில் நம் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பாகூரின் பெயரைத் தாங்கிய செப்பேடுகள் இருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதை அவை சமஸ்கிருதத்திலும் தமிழிலும் சொல்கின்றன. செம்பு 1100 ஆண்டுகளுக்கு மேல் கெடாமல் இருந்தது. ஆனால் அதை நம்மில் யாரிடமாவது கொடுத்தால் படிக்க முடியாது. எழுத்து வடிவம் மாறிவிட்டது. கல்வெட்டறிஞர்கள் படித்து அச்சிட்டதால்தான் நமக்கு விஷயம் தெரிகிறது. பொருள் பத்திரமாக இருந்தும், எழுத்துமுறை தெரிந்தவர் இல்லாவிட்டால் பயன் இல்லை என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஓலைச்சுவடியின் கதை வேறு. நம் ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓலை அதிக காலம் தாங்காது. ஆகவே சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படி எடுத்தார்கள். படி எடுத்த நூல் பிழைத்தது. எடுக்காத நூல் போனது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இப்படித் தப்பிய சைவச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மூன்றாவது, காகிதம். டூப்ளேவின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை நாம் இன்று புத்தகமாக வாங்கிப் படிக்கிறோம். அது அவர் குடும்பத்து வீட்டில் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு படி எடுத்தார். ஆரியேல் என்பவர் எடுத்த இன்னொரு படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. படிகள் கையில் இருந்ததால்தான் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட முடிந்தது. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியை மட்டும் நம்பியிருந்தால் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்திருக்காது.

எழுத்துமுறை மாறுவது, படி எடுக்காமல் விடுவது, ஒரே பிரதியை நம்புவது ஆகிய இந்த மூன்று ஆபத்துகளும் இணையதளங்களுக்கும் அப்படியே வந்தன. வேகம்தான் வேறு. ஓலைக்கு 200 ஆண்டு என்றால் இணையதளத்துக்கு 5 ஆண்டோ 10 ஆண்டோதான்.

கையால் செய்த பக்கங்கள்

தமிழ் இணையத்தின் தொடக்கம் பெரும்பாலும் வெளிநாட்டில். 1995 அக்டோபரில் சிங்கப்பூரில், அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட ஒரு தளம் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் தமிழுக்கான வேலையைச் செய்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை விஎஸ்என்எல் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியிருந்தது.

அந்தக் காலத்து இணையதளம் என்பது கோப்புகளின் அடுக்கு. ஒவ்வொரு பக்கமும் எச்டிஎம்எல் என்னும் குறிமொழியில் கையால் எழுதிய ஒரு தனிக் கோப்பு. 50 பக்கம் இருந்தால் 50 கோப்பு. மேலே இருக்கும் பெயர்ப் பலகையிலோ தொலைபேசி எண்ணிலோ ஒரு மாற்றம் என்றால் 50 கோப்பையும் திறந்து திருத்தி, மறுபடி வழங்கிக் கணினிக்கு ஏற்ற வேண்டும். நம் குடியிருப்பில் செக்யூரிட்டி ஆபீஸ் போன் நம்பர் மாறினால் ஒவ்வொரு பிளாட் கதவிலும் புது ஸ்டிக்கர் ஒட்டுவது போல.

தமிழுக்கு இதோடு இன்னொரு சுமையும் இருந்தது. கணினிக்கு எழுத்து என்பது வெறும் எண். எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதில் அப்போது உடன்பாடு இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு செய்தித்தாளின் தளத்தைப் படிக்க அவர்களுடைய எழுத்துருவை இறக்க வேண்டும். அடுத்த பத்திரிகைக்கு இன்னொன்று. எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு தகுதரங்களைக் கொண்டுவந்தது. அயல்நாட்டுத் தமிழர்களும் மற்ற ஆர்வலர்களும் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்ற தகுதரம் தனியே புழங்கியது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் தொடங்கியதுதான் மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று இதைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைப்பது நோக்கம். உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டினார்கள், பிழை திருத்தினார்கள். தளத்தின் அமைப்பு மிக எளிமையானது. அலங்காரம் கிடையாது; நூலுக்கு ஓர் எண், ஒரு கோப்பு. முதலில் ஒரு எழுத்துருவில் தொடங்கி, திஸ்கிக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நூல்களை மாற்றி எடுத்தார்கள். ஓலைக்குப் படி எடுத்தது போலத்தான்.

இந்த மாற்றம் பட்டனை அழுத்தினால் முடிகிற காரியம் இல்லை. திஸ்கியில் "கொ" என்று எழுதினால் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால் என்று சேமிக்கப்படும். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஆகவே எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும். பழைய தட்டச்சில் காலுக்குப் பதில் ர-வையும், ஔகாரத்தின் பின்பகுதிக்கு ள-வையும் அடித்து வைத்த இடங்கள் உண்டு. பார்வைக்குச் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் வந்த பிறகு வேலை சுலபமானது. ஆனாலும் மாற்றிய பின் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991லேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. வீட்டுக் கணினிகளில் அது சரியாக வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000க்குப் பிறகுதான். தமிழக அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடை அதிகாரப்பூர்வத் தகுதரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தனி எழுத்துருக்களில் எழுதப்பட்டு, யாரும் மாற்றாமல் விட்ட பக்கங்கள் எத்தனையோ. கோப்பு இருந்தும் படிக்க ஆள் இல்லாத செப்பேடுகளாக அவை ஆகிவிட்டன.

சாமானும் கட்டடமும் பிரிந்தபோது

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணையதளம் கட்டும் முறையே மாறியது. பெல்ஜியத்தில் மாணவராக இருந்த டிரீஸ் பைடார்ட் தன் விடுதி நண்பர்கள் செய்தி பரிமாறிக்கொள்ள எழுதிய நிரல் 2001 ஜனவரியில் துருபல் என்ற பெயரில் வெளியானது. அதே ஆண்டு மிஷெல் வால்டிரிகி என்பவர் பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதினார். அவர் அதைத் தொடராமல் விட்டபோது, அமெரிக்காவில் இருந்த மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அந்த நிரலை எடுத்து வளர்த்து 2003 மே 27 அன்று வேர்டுபிரஸ் என்று வெளியிட்டார்கள். மாம்போ என்ற மென்பொருளின் உரிமை யாருக்கு என்ற தகராறில் அதன் நிரலாளர்கள் வெளியேறி 2005இல் ஜூம்லாவைத் தொடங்கினார்கள். "எல்லோரும் சேர்ந்து" என்ற பொருள்படும் சுவாஹிலிச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

இவற்றுக்கெல்லாம் பொதுப் பெயர் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, சுருக்கமாக சிஎம்எஸ். யோசனை எளிது. எழுத்தை ஒரு தரவுத்தளத்தில் தனியே வைப்பது. அது எப்படித் தோன்ற வேண்டும் என்ற வார்ப்பைத் தனியே வைப்பது. வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது இரண்டையும் சேர்த்துக் காட்டுவது. தொலைபேசி எண்ணை ஒரே இடத்தில் மாற்றினால் 50 பக்கத்திலும் மாறிவிடும். எச்டிஎம்எல் தெரியாதவரும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்க் கடிதம் அடிப்பது போல அடிக்கலாம்.

நம் பாஷையில் சொன்னால் இப்படி. தளத்தின் முகவரி என்பது கதவு எண். வழங்கிக் கணினியில் வாடகைக்கு எடுக்கும் இடம் என்பது மனை. சிஎம்எஸ் மென்பொருள்தான் கட்டடம். தீம் என்பது பெயின்டும் டைல்ஸும். உள்ளடக்கம் என்பது வீட்டுச் சாமான். கையால் செய்த பழைய பக்கங்களில் சாமானைச் சுவரோடு சேர்த்துப் பூசியிருந்தார்கள். வீடு மாறினால் சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். சிஎம்எஸ்ஸில் சாமான் தனியாக இருப்பதால் வேறு கட்டடத்துக்கு எடுத்துப் போகலாம். எடுத்துப் போகும் வழியைக் கட்டடம் கட்டியவர் விட்டுவைத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இந்த மூன்று மென்பொருள்களும் இலவசம் மட்டும் இல்லை, திறமூலமும்கூட. பி2வை எழுதியவர் ஒதுங்கிய பிறகும், மாம்போவில் தகராறு வந்த பிறகும், நிரல் எல்லோருக்கும் உரியதாக இருந்ததால் அடுத்தவர் எடுத்து நடத்த முடிந்தது. இன்று உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வேர்டுபிரஸில் ஓடுகின்றன. ஒருவர் விட்டுச் சென்ற நிரலில் முளைத்த மென்பொருள் அது.

கலைக்களஞ்சிய மென்பொருளில் ஒரு நூலகம்

ஒரு வேலைக்காகச் செய்த சிஎம்எஸ்ஸை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு ஈழத்தமிழர்களின் நூலகம் திட்டம் நல்ல சான்று. 1981 ஜூன் 1ஐ ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றில் சிலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. இந்த இழப்பின் நினைவோடு, 2005இல் இளைஞர்கள் சிலர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்க்கத் தொடங்கினார்கள். அதுதான் நூலகம் திட்டம்.

அவர்களுக்கு நூலகத்துக்கென்றே செய்த விலையுயர்ந்த மென்பொருள் வாங்க வசதி இல்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் மீடியாவிக்கி என்ற இலவச மென்பொருள் இருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் 2003 முதல் அதில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. கலைக்களஞ்சியத்துக்காக எழுதிய அந்த மென்பொருளையே நூல் பட்டியலாக மாற்றிக்கொண்டார்கள். ஒரு நூலுக்கு ஒரு பக்கம். அதில் ஆசிரியர், ஆண்டு, பதிப்பாளர், படிப்பதற்கான கோப்பின் இணைப்பு. எழுத்தாளர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பகுப்பது விக்கியில் ஏற்கெனவே இருந்த வசதி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிநாடுகளிலும் இருந்தவர்கள் அவரவர் இடத்திலிருந்தே சேர்த்தார்கள். யார் எதை எப்போது மாற்றினார் என்பது பதிவாகிவிடும். தவறாக அழித்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஒருவர் மட்டும் சாவி வைத்திருக்கும் தளமாக இருந்திருந்தால், போர்க்காலத்தில் அந்த வேலை எத்தனையோ முறை நின்றிருக்கும். பலர் கையில் சாவி இருந்தது. யார் என்ன செய்தார் என்ற கணக்கும் இருந்தது. நம் போன்ற சங்கங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நிர்வாகக் குழு மாறும். பழைய செயலாளர் வேறு ஊருக்குக் குடிபோவார். அவரோடு பாஸ்வேர்டும் போய்விடக் கூடாது.

இலவச மனையில் கட்டிய வீடுகள்

1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற சேவை, யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம் என்றது. அது தன்னை ஒரு நகரமாகவே அமைத்திருந்தது. பேட்டைகள் உண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் கதவு எண் உண்டு, பக்கம் அமைத்தவர்களைக் குடியேறிகள் என்றே அழைத்தார்கள். கையில் காசில்லாமல் ஆர்வம் மட்டும் இருந்த தமிழர்கள் பலரும் அங்கே பக்கம் அமைத்தார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கியது. 10 ஆண்டு கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று, மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கடைசி மாதங்களில் ஓடி ஓடிப் படி எடுத்து, 600 ஜிபிக்கும் மேற்பட்ட தொகுப்பைக் காப்பாற்றியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பும் ஒரு பகுதியைச் சேமித்தது. மீதி போய்விட்டது.

அதன் பின் ஆர்குட் 2014லும் கூகுள் பிளஸ் 2019லும் மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பு வந்தது. எடுத்துக்கொள்ள அவகாசமும் தந்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு, யாரும் திறக்காத ஒரு பழைய மின்னஞ்சல் பெட்டிக்குப் போனால் என்ன பயன்? இலவச இடம் கெடுதல் என்று சொல்லவில்லை. 2003க்குப் பிறகு தமிழ் வலைப்பதிவுகள் பெருகியதே இலவச இடங்களால்தான். இடம் இலவசம் என்றால், படி நம்மிடம் இருந்தே ஆக வேண்டும்.

சாமான் உடையும் இடங்கள்

இனி, வீடு மாற்றும்போது தமிழ்த் தளங்களுக்கென்றே வரும் சிக்கல்கள் மூன்றைச் சொல்கிறேன். நமக்கும் இவை வரலாம்.

முதலாவது, எழுத்து உடைவது. வேர்டுபிரஸ் தன் எழுத்துகளை வைக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் சுவீடனில் வளர்ந்தது. அதனால் அதன் இயல்பான எழுத்துமுறை ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1ஆகவும், அகரவரிசை சுவீடிஷ் மொழிக்குரியதாகவும் இருந்தன. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் இயல்பு யூனிகோடுக்கு மாறியது. இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். பழைய தளங்கள் பலவற்றில் அந்த மூன்று பைட்டையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக எண்ணியே தரவுத்தளம் சேமித்துவைத்தது. எடுக்கும்போதும் அப்படியே எடுத்துக் கொடுத்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. தளத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக, தலையில் கோடு போட்ட ஒரு ஐரோப்பிய எழுத்தும், பக்கத்தில் பெரும்பாலும் மருந்து அட்டைகளில் காணும் பதிவுபெற்ற வணிகக் குறியும் வரிசையாக வரும். அப்படி வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் திரும்பச் சரிசெய்யலாம். ஆனால் அந்தக் கிறுக்கலின் மேலேயே யாராவது திருத்திச் சேமித்தால் மீட்பது கடினம். ஆகவே பழைய தளத்தின் நகலைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, முகவரி அறுபடுவது. வேர்டுபிரஸ் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலிருந்தும் அதன் இணைய முகவரியை உண்டாக்குகிறது. அதற்கு 200 இடம்தான் ஒதுக்கீடு. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். ஒரு தமிழ்க் குறி முகவரியில் 9 இடத்தைப் பிடிக்கிறது. மெய்யும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆகவே 22 குறிக்கு மேல் போகாது. "கரிக்கலாம்பாக்கம்" என்ற நம் ஊர்ப் பெயரே 17 குறி! "கரிக்கலாம்பாக்கம் குடிநீர் அறிக்கை" என்று தலைப்பு வைத்தால் முகவரி "கரிக்கலாம்பாக்கம்-குடிந" என்று நடுவில் நின்றுவிடும். "கரிக்கலாம்பாக்கம் குடிநீர்க் கட்டணம்" என்ற பக்கமும் அதே முகவரிக்குப் போட்டி போட, மென்பொருள் அதன் வாலில் 2 என்று சேர்க்கும். எது அறிக்கை, எது கட்டணம் என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தலைப்பு தமிழில் எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். முகவரியை நாமே சுருக்கமாகக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, பழைய சுட்டிகள் செத்துப்போவது. பாண்டிச்சேரி என்பது 2006 அக்டோபர் 1 முதல் சட்டப்படி புதுச்சேரி ஆனது நினைவிருக்கும். அரசின் இணைய முகவரியும் ஒரு காலத்தில் பான்.நிக்.இன் என்று இருந்து, இப்போது பிஒய்.கவ்.இன் ஆகியிருக்கிறது. பெயர் மாறுவது தவிர்க்க முடியாதது. ஆனால் பழைய முகவரியை அச்சிட்ட படிவங்களும் கடிதங்களும் புத்தகங்களும் ஊரெல்லாம் இருக்கும். தபால்காரரிடம் புது விலாசம் சொல்லிவைப்பது போல, பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு இணையத்திலும் உண்டு. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, நாம்தான் மாற்றுகிறோம் என்பது அதன் சாரம்.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து நம் தீர்மானத்துக்குத் தேவையானவை ஆறு.

1. இணைய முகவரி சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். பில்டர் பெயரிலோ, தளம் செய்து தரும் ஆள் பெயரிலோ, நிர்வாகி ஒருவரின் சொந்த மின்னஞ்சலிலோ இருக்கக் கூடாது. புதுப்பிக்கும் தேதியை மெயின்டனன்ஸ் காலண்டரில் லிஃப்ட் சர்வீஸ் தேதியோடு சேர்த்து எழுதிவைக்கலாம்.

2. மென்பொருள் எதுவானாலும், உள்ளடக்கம் முழுவதையும் ஏற்றுமதி செய்யும் வழி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லை என்றால், எவ்வளவு அழகான தளமாக இருந்தாலும் வேண்டாம்.

3. வேர்டுபிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்துகள் வரும்; படங்களும் பிடிஎஃப்களும் வராது, அவற்றின் முகவரி மட்டும்தான் வரும். புதிய தளம் அந்த முகவரிக்குப் போய் அவற்றை எடுத்துக்கொள்ளும். பழைய தளத்தை அதற்குள் மூடிவிட்டால் வரைபடமும் கணக்கும் கிடைக்காது. ஆகவே புதியது முழுதாக வந்து, இரண்டு பேர் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, ஒரு காலாண்டாவது கழிந்த பிறகே பழையதை மூட வேண்டும். மூடிய பின்பும் பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

4. தமிழில் உள்ள தீர்மானங்கள் தனி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதைப் படித்துப் பார்க்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பிளாக்குகளில் இருக்கிறார்கள். இது அவர்கள் உதவ வேண்டிய வேலை.

5. ஆண்டுக்கு இரண்டு முறை முழு நகல் எடுத்து, ஒன்று சங்க அலுவலகத்திலும் ஒன்று வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். முக்கியமான வரைபடத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் காகிதத்திலும் வைத்திருப்பது நல்லது.

6. மாற்றும் சாக்கில் ஒரு சுத்தமும் செய்துவிடலாம். குடியிருப்போரின் கைபேசி எண், வாகன எண், வாடகைதாரர் விவரம் ஆகியவை பொதுப் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. அவை பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

"பழசை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். புதிய கட்டடம் கட்டலாம், பெயின்டை மாற்றலாம். சாமானை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. லோசானிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பளம் வாங்காமல் வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கான நூல்களை இப்படிச் சுமந்து வந்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பவை சில நூறு பக்கங்கள்தான். கணினி தெரிந்த இளைஞர்கள் நான்கு பேரும், தமிழ் படித்துத் திருத்தக்கூடிய பெரியவர்கள் நான்கு பேரும் சில வார இறுதிகளைக் கொடுத்தால் முடிந்துவிடும். விருப்பம் உள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன்பாகவே சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.